பழி உப்புக் காத்துக்கா?

கற்பிட்டியில மாத்தின புது பொனட் துருப்பிடிச்சா, கடைக்காரர் கடலைக் காட்டுவார். உப்புக் காத்து இரும்பை அரிக்கும், சரி. ஆனா துத்தநாகப் பூச்சே இல்லாம, வெறும் கறுப்புப் பெயின்ட் அடிச்ச தகட்டை வித்தது கடலா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டது. அதுவரை பழைய வேனைத் தட்டி ஒட்டித்தானே ஓட்டினோம்! அந்த வேனுக்குப் போட்ட பாகங்களின் தரத்தை யார் பாத்தாங்க?

ஹெல்மெட் வாங்கும்போது எஸ்எல்எஸ் முத்திரையைத் தேடுறோம். பொனட்டுக்கு மட்டும் கடைக்காரரின் வாய்ப்பேச்சு போதுமா?

அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய 'காபா' அமைப்பு, மாற்றுப் பாகங்களின் பொருத்தம், தகடு, துரு தாங்கும் திறன் எல்லாத்தையும் சோதிச்சுத்தான் சான்று கொடுக்குது. இங்கே இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் உப்புநீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை, பூச்சு என்னன்னு பில்லில எழுதித் தராத கடையில காசை நீட்டாதீங்க.