பூட்டில்லாத இணையதளம் யாருக்கு வசதி?

2010 டிசம்பர் 17. துனீசியாவின் சீதி பூசித் நகரில் முஹம்மது பூஅஸீஸி என்ற இளம் தெரு வியாபாரி, அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசின் பிடியில் இருந்த ஊடகங்கள் மறைத்த காட்சிகளை ஃபேஸ்புக் வெளியே கொண்டுவந்தது.

அதே நாட்களில் வேறொன்றும் நடந்தது. துனீசியர்களின் ஃபேஸ்புக் கடவுச்சொற்கள் திருடுபோயின. போராட்டக்காரர்களின் பக்கங்கள் அழிக்கப்பட்டன.

திருட்டு நடந்தது ஃபேஸ்புக் நிறுவனத்திலும் அல்ல, பயனாளரின் கணினியிலும் அல்ல, இரண்டுக்கும் நடுவே. உள்நுழைவுப் பக்கம் நாட்டின் இணையச் சேவை வழியாகப் பயனாளரை வந்தடைவதற்குள், அதில் சில வரி நிரல் செருகப்பட்டது. பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டியதும் அந்த நிரல் அவற்றைக் களவாடியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடவுச்சொல்லை எடுத்துச் செல்லும் பாதைக்கு ஃபேஸ்புக் அப்போதே குறியாக்கம் வைத்திருந்தது. ஆனால் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் சாதாரண எச்டிடிபி வழியில் திறந்தபடி வந்தது. வாசலைத் திறந்து போட்டுவிட்டு பீரோவை மட்டும் பூட்டிய கதைதான்.

2011 ஜனவரியில் ஃபேஸ்புக், துனீசியாவிலிருந்து வரும் இணைப்புகள் அனைத்தையும் குறியாக்கம் கொண்ட எச்டிடிபிஎஸ் வழிக்கு மாற்றியது. ஜனவரி 14 அன்று அதிபர் பின் அலி நாட்டைவிட்டு ஓடினார். அதே மாத இறுதியில், விரும்பும் பயனாளர் எவரும் முழுநேரமும் எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் வசதியை ஃபேஸ்புக் அறிவித்தது. அதுவே அனைவருக்கும் இயல்பு நிலையாக 2013 ஆகிவிட்டது.

“எங்கள் தளத்தில் பணப் பரிமாற்றமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. செய்திதானே போடுகிறோம், பூட்டு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு இரண்டு பதில்கள்.

ஒன்று, திறந்த பாதையில் வரும் பக்கத்தை நடுவில் இருப்பவர் படிக்க மட்டுமல்ல, மாற்றவும் முடியும். நாம் எழுதாத வரியை, நாம் போடாத விளம்பரத்தை, நம் பெயரிலேயே வாசகருக்குக் காட்டலாம். துனீசியாவில் நடந்தது அதுதான்.

இரண்டு, ஒருவர் எதைப் படிக்கிறார் என்பதும் அவருடைய அந்தரங்கமே. நோய், கடன், மணமுறிவு, அரசியல் என ஒருவர் தேடிப் படிக்கும் பக்கங்களே அவர் மனதைச் சொல்லிவிடும். எச்டிடிபிஎஸ் இருந்தால், அவர் எந்தத் தளத்துக்குப் போனார் என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியலாம்; அங்கே எந்தப் பக்கத்தைப் படித்தார், என்ன எழுதி அனுப்பினார் என்பது தெரியாது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மதரஸா சேர்க்கைப் படிவம், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், திருமணத் தகவல் பதிவு, மார்க்கக் கேள்வி பதில் எல்லாம் இன்று இணையத்தில்தான். தலாக்கைப் பற்றியோ குடும்பத்தில் நடக்கும் கொடுமையைப் பற்றியோ ஒரு பெண் யாரிடமும் சொல்ல முடியாமல் ஆலிமுக்கு எழுதுகிறாள். அது அமானிதம். அதைத் திறந்த பாதையில் வரவழைப்பது, பேருந்து நிலையத்தில் நின்று சத்தமாகச் சொல்லச் சொல்வதற்குச் சமம்.

செலவைக் காரணம் சொல்லவும் வழியில்லை. எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற லாப நோக்கற்ற சேவை பல ஆண்டுகளாக இலவசமாகவே தருகிறது. அது தானாகப் புதுப்பிக்கப்படும்படியும் அமைத்துக்கொள்ளலாம். பூட்டில்லாத தளங்களை கூகுள் குரோம் 2018 ஜூலை முதல் ‘பாதுகாப்பற்றது’ என்றே குறித்துக் காட்டுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எச்டிடிபிஎஸ் பாதையைத்தான் காக்கும். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்று அது சாட்சி சொல்லாது. மோசடித் தளங்களும் இதே சான்றிதழை வாங்கிவிடுகின்றன. எனவே வாசகர்கள் தள முகவரியை எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். தளம் நடத்துபவர்களோ, தேவையில்லாத விவரத்தைக் கேட்காமலும், வேலை முடிந்ததை அழித்தும் பழக வேண்டும்.

உங்கள் ஜமாஅத்தின், உங்கள் மதரஸாவின் தளத்தை இன்றே திறந்து பாருங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கவில்லை என்றால் நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். பெரும்பாலான தளங்களுக்கு இது ஒரு நாள் வேலைகூட இல்லை.