ஓக்லஹோமா எந்தத் திசையில் இருக்கிறது?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யைப் பின்தொடரும் நண்பர்களிடையே ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும்: ஆறு பிரிவுகளில் எது வலிமையானது? ஒருவர் பசிபிக் என்பார், மற்றவர் தென்மேற்கு என்பார். சற்று நேரம் கேட்டிருந்தால், இருவருமே பிரிவின் பெயரைச் சொல்லிவிட்டு அதிலுள்ள ஏதோ ஓர் அணியின் புகழைப் பாடிக்கொண்டிருப்பது புரியும். மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய சிக்கல்தான். ஒரு தொகுதிக்குப் பெயர் வைத்தவுடன், அத்தொகுதிக்கே ஒரு குணம் உண்டு என நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

அறியாதோர்க்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 30 அணிகள். கிழக்கு, மேற்கு என இரு கான்ஃபரன்ஸ்கள். (இதனை ‘மாநாடு’ என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும், சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.) ஒவ்வொன்றிலும் ஐந்து அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள். இவ்வமைப்பு 2004-05 பருவத்திலிருந்து நடப்பிலுள்ளது. ஓர் அணி ஆடும் 82 ஆட்டங்களில் 16 தன் பிரிவினரோடு, 36 தன் கான்ஃபரன்ஸின் மற்றப் பிரிவினரோடு, 30 எதிர்க் கான்ஃபரன்ஸோடு.

இனி வலிமைக்கு வருவோம். ஐந்து அணிகளின் வெற்றிகளைக் கூட்டிப் பார்ப்பதே பலரும் கையாளும் முறை. அதில் ஒரு குறையுண்டு. பிரிவுக்குள்ளேயே நடக்கும் 40 ஆட்டங்களில் யார் வென்றாலும் பிரிவின் கணக்கில் 40 வெற்றியும் 40 தோல்வியும் ஏறும். அவை எதையும் உணர்த்துவதில்லை; வலிய பிரிவையும் நலிந்த பிரிவையும் நடுநிலையை நோக்கி இழுக்கின்றன, அவ்வளவே. 2014-15இன் தென்மேற்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஹூஸ்டன் 56, சான் அன்டோனியோ 55, மெம்ஃபிஸ் 55, டாலஸ் 50, நியூ ஆர்லியன்ஸ் 45 எனக் கூடி 261 வெற்றி, 149 தோல்வி. ஏறத்தாழ 64 விழுக்காடு. உள் ஆட்டங்களைக் கழித்தால் 221க்கு 109, அதாவது 67 விழுக்காடு. ஐந்து அணிகளும் பிளேஆஃப் சுற்றுக்குச் சென்றன. வலிமையான பிரிவு என்னும் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே நேர்மாறான காட்சி. 2015-16இல் பசிபிக் பிரிவைச் சேர்ந்த கோல்டன் ஸ்டேட் 73 வெற்றி பெற்று வரலாறு படைத்தது. அப்பிரிவின் கூட்டுக்கணக்கோ 199 வெற்றி, 211 தோல்வி! ஒரு பருவத்தில் மிக அதிக வெற்றி கண்ட அணி, சராசரிக்கும் கீழான பிரிவில் இருந்தது. லேக்கர்ஸ் 17, ஃபீனிக்ஸ் 23. இதற்கு மறுகோடியில் 2017-18இன் வடமேற்கு: முதலிடத்துப் போர்ட்லாந்துக்கு 49, கடையிடத்து டென்வருக்கு 46. என் மதிப்பீட்டில் ஒரு பிரிவின் வலிமையை அதன் உச்சியைக் கொண்டு அளப்பதைவிட அடியைக் கொண்டு அளப்பதே நியாயம். கடைசி அணியோடு மோதும் இரவும் எளிதாக இல்லாத பிரிவே கடினமான பிரிவு.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். பிரிவு என்பது வெறும் பெயராக இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் நெடுங்காலம் அப்பெயருக்கு அதிகாரம் இருந்தது. 2005-06இல் பிரிவு வென்றோர்க்கே முதல் மூன்று இடங்கள் என்பது விதி. சான் அன்டோனியோ 63, டாலஸ் 60 என மேற்கின் தலைசிறந்த இரு அணிகளும் தென்மேற்கிலேயே இருந்தமையால், டாலஸ் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டது. 44 வெற்றி மட்டுமே பெற்ற டென்வர் வடமேற்கை வென்று மூன்றாமிடத்தில் அமர்ந்தது. விளைவாக, மேற்கின் இறுதியில் சந்தித்திருக்க வேண்டியவர்கள் இரண்டாம் சுற்றிலேயே மோதி ஏழாம் ஆட்டம்வரை சென்றனர். விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள், நோய் போகவில்லை. 2015இல் 51 வெற்றி பெற்ற போர்ட்லாந்து, பிரிவை வென்றமையால் நான்காமிடம் பெற்றது. 55 வெற்றி பெற்ற மெம்ஃபிஸுக்கும் சான் அன்டோனியோவுக்கும் ஐந்தும் ஆறும். முந்தைய ஆண்டின் சாம்பியனான சான் அன்டோனியோ முதல் சுற்றிலேயே கிளிப்பர்ஸை எதிர்கொண்டு வீழ்ந்தது. 2015-16 முதல் பிரிவு வெற்றிக்கு இருந்த அச்சலுகை நீக்கப்பட்டது.

நல்ல சீர்திருத்தம், பாதியில் நின்ற சீர்திருத்தமும்கூட. பிரிவின் கோடு செய்த அநீதியையே கான்ஃபரன்ஸின் கோடு இன்றும் செய்கிறது. அதே 2015இல் 45 வெற்றி பெற்ற ஓக்லஹோமா சிட்டி மேற்கில் வாய்ப்பிழந்தது. 38 வெற்றியோடு புரூக்ளின் கிழக்கில் நுழைந்தது. 2018இல் 46 வெற்றியோடு டென்வர் வீட்டிலிருந்தது. கிழக்கில் 44, 44, 43 வெற்றி பெற்ற மூன்று அணிகள் உள்ளே. டென்வர் தன் ஆட்டங்களில் பெரும்பகுதியைக் கடினமான மேற்கிலேயே ஆடியது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பயணத் தொலைவைக் காட்டி இக்கோடுகளுக்கு நியாயம் சொல்வோருண்டு. அவர்களுக்கு ஓக்லஹோமா சிட்டியைக் காட்டுகிறேன். 2008இல் சியாட்டிலிலிருந்து அணி அங்கே குடிபெயர்ந்தது, பிரிவோ மாறவில்லை. டாலஸிலிருந்து சுமார் 300 கிலோமீட்டரில் உள்ள நகரம், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள போர்ட்லாந்தோடு ‘வடமேற்கில்’ இருக்கிறது. மினியாபொலிஸின் ஏரிகளைச் சுட்டிய லேக்கர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், நியூ ஆர்லியன்ஸின் ஜாஸ் யூட்டாவுக்கும் போய்ச் சேர்ந்ததைப் போலத்தான் இதுவும்: பொருள் இடம்பெயர்ந்தபின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அணிப்பெயரில் இது சுவையான செய்தி. போட்டி விதியில் அப்படி விட்டுவிட முடியாது.

பிரிவுக் கோப்பைகளை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தென்கிழக்கின் கோப்பை, என்.பி.ஏ.யில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரான ஏர்ல் லாய்டின் பெயரைத் தாங்கியது, அது நிலைக்கட்டும். 2024-25இல் 41 வெற்றியும் 41 தோல்வியும் பெற்ற ஆர்லாண்டோவே அப்பிரிவை வென்றது என்பதையும், பிளேஆஃபுக்குள் நுழைய அது தகுதியாட்டம் ஆட வேண்டியிருந்தது என்பதையும் மறக்காதிருந்தால் போதும். பிளேஆஃபுக்கான 16 இடங்களை மட்டும் கோடு பாராமல் தரவரிசைப்படி நிரப்ப வேண்டும். எதிர்க் கான்ஃபரன்ஸோடு ஆடும் ஆட்டங்களையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். பயணம் மிகும், உண்மைதான். அதை ஈடுகட்ட 82 என்னும் எண்ணைக் குறைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. தொலைக்காட்சி வருவாயை எண்ணுவோர்க்கு இருக்கும்.

சியாட்டிலுக்கும் லாஸ் வேகஸுக்கும் புதிய அணிகள் வழங்குவது பற்றிய பேச்சு சில ஆண்டுகளாகவே நடக்கிறது. அது கைகூடினால் மேற்கில் 17 அணிகளாகும்; சமன்செய்ய ஒன்று கிழக்குக்கு மாற வேண்டும். மெம்ஃபிஸோ, நியூ ஆர்லியன்ஸோ, மினசோட்டாவோ, எதுவாயினும் ஒரு வீரரைக்கூட மாற்றாமல் அவ்வணியின் பிளேஆஃப் வாய்ப்பு ஒரே கையெழுத்தில் மாறிவிடும். அப்போதும் நம் நண்பர்கள் கேட்பார்கள், எந்தப் பிரிவு வலிமையானது என்று.