மணம் பழத்தினுடையது, மருந்து மருந்தே

குழந்தைகளுக்கான திரவ மருந்துகள் சிலவற்றின் உறையில் ‘வாழைப்பழச் சுவை’ என்னும் சொற்களைக் காணலாம். மூடியைத் திறந்ததும் இனிய மணமும் எழுகிறது. ஆயினும் ஒரு வாய் அருந்திய குழந்தை, “இது வாழைப்பழம் இல்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதனைப் பிடிவாதம் என்று பெரியவர்கள் கருதிவிடுகிறோம். குழந்தை சொல்வது உண்மை என்பதே என் கருத்து. அவ்வுண்மையை ஒப்புக்கொள்வது மருந்து புகட்டுவோருக்கும் நன்மையே பயக்கும்.

செயற்கை வாழைப்பழ மணத்தின் முதன்மையான பொருள் ஐசோஅமைல் அசிடேட். இயற்கையான பழத்திலும் அது உண்டு. ஆனால் பழத்தில் அதனோடு வேறு பல மணப்பொருள்களும் கலந்திருக்கின்றன. கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலும் அவற்றுள் ஒன்று. இனிப்பும் புளிப்பும் சதையின் மென்மையும் அவற்றோடு சேரும்போதுதான் நாம் அறிந்த சுவை பிறக்கிறது. ரஸ்தாளியையும் பூவனையும் மலைவாழையையும் பிரித்தறியும் நாவுக்கு ஒற்றை மணம் பழமாகத் தோன்றாதது இயல்பே.

இம்மணத்தின் வரலாறும் அதனையே உணர்த்துகிறது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் வேதியியலார் உருவாக்கிய பழ மணச் சாறுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இதே வகைப் பொருள் ‘பேரிக்காய் எண்ணெய்’ என்ற பெயரில் இடம்பெற்றது. பிரித்தானியாவில் இன்றும் பேரிக்காய் மிட்டாய்க்கு மணமூட்டுவது அதுவே. அமெரிக்காவிலோ அது வாழைப்பழ மணமாயிற்று. ஒரே பொருள் ஒரு நாட்டில் பேரிக்காயாகவும் மற்றொரு நாட்டில் வாழைப்பழமாகவும் அறியப்பட்டதென்றால், அது எந்தப் பழத்தின் நேரான நகலும் அன்று என்பது தெளிவு.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதையையும் குறிப்பிட வேண்டும். மேலைநாட்டுச் சந்தைகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கோலோச்சிய வாழை இனம் ‘குரோ மிஷேல்’. நம் ரஸ்தாளியையும் தாக்குகின்ற வாடல் நோய் அதன் பெருந்தோட்டங்களை அழித்தது. அதன் இடத்தைக் கேவண்டிஷ் இனம் பிடித்தது. நம் கடைகளில் விற்கும் ரொபஸ்டாவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மறைந்த குரோ மிஷேலைப் பார்த்தே செயற்கை மணம் உருவாக்கப்பட்டது என்பர். அப்பழத்தின் சுவை இம்மணத்துக்கு நெருக்கமானது என்று உண்டவர்கள் சொல்வதுண்டு. ஆயினும் அந்தப் பழம் மேலைநாட்டுச் சந்தைகளை நிறைப்பதற்கு முன்பே இந்தப் பொருள் ஆய்வுக்கூடத்தில் பிறந்துவிட்டது. மணம் முதலில் வந்தது. பழத்தின் பெயர் பின்னரே அதற்குச் சூட்டப்பட்டது.

அவ்வாறாயின் மருந்தில் இதனைச் சேர்ப்பது ஏமாற்று வேலையா? அன்று. கசக்கும் மருந்தை நோயுற்ற குழந்தை விழுங்குவதற்கு மணமும் இனிப்பும் துணைசெய்கின்றன. அது குழந்தைக்குக் காட்டும் பரிவு. “இது மிட்டாய்”, “இது பழச்சாறு” என்று நாம் பொய் சொல்லும்போதுதான் அப்பரிவு ஆபத்தாக மாறுகிறது.

அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் ஆரஞ்சுச் சுவையூட்டிய குழந்தைகளுக்கான ஆஸ்பிரின் மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. மிட்டாய்போல் இனித்த அவற்றைக் குழந்தைகள் தாமாகவே எடுத்து அளவின்றி உண்டனர், நஞ்சேற்றம் பெருகியது. குழந்தைகள் எளிதில் திறக்க இயலாத மூடிகள் அதன் பின்னரே உருவாயின. 1970இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. இனிப்பு, மருந்தின் வீரியத்தைக் குறைப்பதில்லை என்பதே அந்நிகழ்வு தரும் பாடம்.

ஆகவே, பராமரிப்போர் சிலவற்றை நினைவில் கொள்ளுதல் நலம். “இது மருந்து, விழுங்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று வாழைப்பழ மணம் சேர்த்திருக்கிறார்கள்” என்று குழந்தையிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, மருந்தோடு தரப்படும் அளவுக் குவளையாலோ ஊசியில்லாச் சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். பால் முழுவதிலும் மருந்தைக் கலந்துவிட்டால், பால் மீந்துபோகும்போது மருந்தும் குறைந்துவிடும். சுவை பிடிக்காமல் குழந்தை தொடர்ந்து துப்பினால், நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கூறுங்கள். மாற்றுச் சுவையோ மாற்று வடிவமோ கிடைக்கக்கூடும். புட்டியைக் குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெரியவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. வாழைப்பழச் சுவை என்று எழுதியிருப்பதனால் மருந்தில் பழத்தின் சத்து இருப்பதாக எண்ண வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அம்மருந்தில் சர்க்கரை சேர்ந்துள்ளதா என்பதையே. பழ ஒவ்வாமை உள்ளவர்களும், சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துவோரும் உறையிலுள்ள சொற்களைக் கொண்டு தாமே முடிவுசெய்யாமல் மருந்தாளுநரைக் கேட்டறிவதே முறை.

நோயுற்ற குழந்தைக்கு மருந்து எவ்வளவு தேவையோ, அதனைக் கொடுக்கும் கையின்மீது நம்பிக்கையும் அவ்வளவு தேவை. இன்று பழம் என்று சொல்லிப் புகட்டினால், நாளை உண்மையான பழத்தை நீட்டினாலும் குழந்தை தயங்கும். “இது வாழைப்பழம் இல்லை” என்று அது சொல்லும்போது, “ஆம், இல்லைதான், இது உன் மருந்து” என்று விடையளிப்போம். அதன் நாவு பொய் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.