முசலிக் கரையும் தொழிற்சங்கத்தின் மௌனமும்

தொழிலாளிக்கு இனமில்லை, சமயமில்லை என்று மேதினந்தோறும் மேடையேறி முழங்குவோர் நம் நாட்டிற் பலர். முழக்கம் பிழையன்று. ஆனால், முழங்கியவர் மேடையை விட்டிறங்கி முசலிக்கு வரட்டும். சிலாவத்துறையிலோ கொண்டச்சியிலோ மறிச்சுக்கட்டியிலோ கரையில் நின்று அதனைச் சொல்லட்டும். "ஐயா, இந்தக் கரை யாருடையது?" என்ற கேள்வியே அவரை முதலில் எதிர்கொள்ளும். அதற்கு விடை கூறாத ஒற்றுமை, மீனவனுக்கு வலையில் அகப்படாத ஒற்றுமையே.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுள், சில இடங்களிற் சில மணித்தியாலங்களுள், ஊரிழந்தனர். மன்னார் மாவட்டத்தவரே அவருட் பெருந்தொகையினர். இதனை இனப்பிரச்சினையின் ஓர் அத்தியாயமாக மட்டும் படிக்கப் பழகிவிட்டோம். இது தொழிலாளர் வரலாற்றின் அத்தியாயமும் அன்றோ? வெளியேறியவன் தோணியை விட்டுச் சென்றான். வலையை விட்டுச் சென்றான். கரைவலை இழுக்கத் தலைமுறையாக உரிமைபெற்ற கரைத்துண்டாகிய பாட்டினையும் விட்டுச் சென்றான். நேற்றுவரை சொந்தத் தொழில் செய்தவன் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வெங்காயத் தோட்டத்து நாட்கூலியானான். அகதிகள் குறைந்த கூலிக்கு வருவதால் தம் கூலி வீழ்கிறதென்று அவ்வூர்த் தொழிலாளர் குறைகூறினர். ஓரினத்தைத் துரத்தியதன் விலையை, துரத்தலோடு எத்தொடர்புமற்ற ஏழைகளும் செலுத்தினர். கூலியைப் பற்றிப் பேசுவது தொழிற்சங்கத்தின் வேலையென்றால், 1990ஐப் பற்றிப் பேசுவதும் அதன் வேலையே.

போர் ஓய்ந்து மக்கள் திரும்பியபோது நிகழ்ந்தது யாது? மன்னார் நகரை அடுத்த உப்புக்குளத்து முஸ்லிம் மீனவர், கோந்தைப்பிட்டி இறங்குதுறை தமக்குரியதென்றனர். அங்கே அப்போது தொழில் செய்தவரோ விடத்தல்தீவிலிருந்து போரால் துரத்தப்பட்டுவந்த தமிழ் மீனவர். அகதியும் அகதியும் ஒரே துறைக்காக எதிரெதிரே நின்றனர். 2012 யூலையில் அப்பிணக்கு மன்னார் நீதிமன்றத்தின்மீது கல்லெறியும் அளவுக்கு முற்றியது. அரசியல்வாதிகள் வந்தார்கள், பொலிசார் வந்தார்கள், இரு சாராரையும் ஒரே பாயில் இருத்தி, "துறையைப் பகிர்வது எவ்வாறு?" என்று கேட்டிருக்க வேண்டியது தொழிலாளர் இயக்கமல்லவா?

முசலியிலேயே இதனினும் கசப்பான காட்சியொன்று உண்டு. முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களை 2007 செப்டெம்பரில் படையினர் வெளியேற்றினர். பின்னர் அவ்வூர் கடற்படை முகாமாயிற்று. 2017 மார்ச் மாதம் அம்மக்கள் முகாம் வாயிலிற் பந்தலிட்டு அமர்ந்தனர். அதே மாதத்தில், மீள்குடியேறிய முஸ்லிம் கிராமங்களைச் சூழ்ந்த நிலத்தை வனமாக ஒதுக்கும் வர்த்தமானி வெளியாகவே, மறிச்சுக்கட்டி மக்களும் வீதியோரத்திற் பந்தலிட்டனர். ஒரே பிரதேச செயலகப் பிரிவு, ஒரே வீதி, நிலத்தை மீட்கும் ஒரே கோரிக்கை. எனினும் பந்தல்கள் இரண்டாகவே இருந்தன. அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில் முள்ளிக்குளத்தின் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. அறிவித்தலுக்கும் அடுப்பெரிவதற்கும் இடையே ஆண்டுகள் கழிந்தமை வேறு கதை.

"பழங்கணக்கைக் கிளறினால் ஒற்றுமை குலையும், டீசல் விலையையும் இழுவைப்படகுத் தொல்லையையும் மட்டும் பேசுவோம்" என்பார் உளர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மௌனத்தாற் காத்த ஒற்றுமை என்னவாயிற்று என்பதை நம் தொழிற்சங்க வரலாறே காட்டும். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, மறுவருடமே கொழும்பில் பொதுவேலைநிறுத்தம் நடத்திய ஏ. ஈ. குணசிங்க, 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகக் கொடி பிடித்தார். 21 கோரிக்கைகளோடு எழுந்த கூட்டுத் தொழிற்சங்க இயக்கம் 1964இல் அமைச்சர் பதவிகளுக்கு இரையானது. 1966 ஜனவரி 8ஆம் நாள், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து இடதுசாரிகள் தம் சங்கங்களைத் தலைநகர வீதிக்கு இறக்கினர். பாட்டாளியின் பெயரால் பாட்டாளியின் மொழிக்கெதிராக ஊர்வலம்! இனநீதி பற்றிப் பேச மறுத்த இயக்கம் நடுவில் நிற்கவில்லை. பலமுள்ள பக்கமே சாய்ந்தது.

அதே 1966இன் ஓகஸ்ட் மாதத்தில் கடலுக்கப்பால் வேறொன்று நிகழ்ந்தது. வட அவுஸ்திரேலியாவில், வெஸ்ட்டி கம்பனியின் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையிலிருந்து, வின்சென்ற் லிங்கியாரியின் தலைமையில் குரிந்திஜி ஆதிக்குடித் தொழிலாளரும் குடும்பத்தவருமாக ஏறத்தாழ இருநூறு பேர் வெளிநடந்தனர். தொடக்கத்திற் கேட்டது கூலி. பின்னர் கேட்டது நிலம். அப்பண்ணை நின்றதே அவர்களுடைய நிலத்தில். "கூலியோடு நில்லுங்கள்" என்று உரைக்காமல், துறைமுகத் தொழிலாளர் சங்கத்தார் உட்படப் பலர் பணந்திரட்டிக் கொடுத்தனர். 1975இல் பிரதமர் விற்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையிற் சொரிந்தார். ஒன்பது ஆண்டுப் போராட்டம் அது. அந்நாட்டுச் சங்கங்கள் யாவும் புனிதமானவை என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளையர் நலனையே பேணிய சங்கங்களும் அங்கிருந்தன. சங்கம் விரும்பினால் மாறலாம் என்பதற்கே இதனைச் சொல்கிறேன்.

நல்லிணக்கம் என்ற சொல்லை நாம் ஆணைக்குழுக்களிடம் இரவல் பெற்றோம். கருத்தரங்கில் அதனை உச்சரித்து, தேநீர் அருந்திக் கலைகிறோம். பல்கலைக்கழகத்தவராகிய நாம் இதிற் பெரிதும் தேர்ந்தவர்கள். முசலியில் அச்சொல்லுக்குப் பொருள் மிக எளியது. 1990இற்கு முன் ஒருவன் இழுத்த பாடு அவனுக்கோ அவன் மக்களுக்கோ திரும்ப வேண்டும். அங்கே இப்போது இழுப்பவனும் அகதியாயின், அவனைத் துரத்தாமல் முறைவைத்துப் பகிர வேண்டும். முள்ளிக்குளத்துக் கரைக்காகச் சிலாவத்துறை முஸ்லிம் மீனவன் கையெழுத்திட வேண்டும். மறிச்சுக்கட்டிக் காணிக்காக அரிப்புத் தமிழ் மீனவன் கையெழுத்திட வேண்டும். தமிழராகிய நாம் முதற்கையெழுத்தை இடுவதே முறை. 1990இல் அத்துரத்தல் நம் பெயரால் நடந்தது, நம்மிற் பெரும்பாலோர் வாய்திறக்கவில்லை. கடற்றொழிலாளர் சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டத்தில், டீசல் மானியத்துக்கு முன்னதாகவே, இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும். எவர் எதிர்த்து வாக்களிக்கிறார் என்று பார்ப்போம்.