தொழிலாளியின் சம்பள பாக்கிக்கு மில்லின் பதிவேடே முதல் சான்று

ஒரு மில் திவால் நடவடிக்கைக்குள் போகும்போது, தனக்கு வரவேண்டிய சம்பளம் எவ்வளவு என்பதைத் தொழிலாளியே சான்றுகளோடு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் பூட்டிய மில்லுக்குள் கிடக்கின்றன. இது நியாயமில்லை. அந்தப் பதிவேடுகளை, மில்லின் நிர்வாகத்தை ஏற்கும் தீர்வு நிபுணர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் எந்தத் தொழிலாளியின் கோரிக்கையையும் “ஆவணம் போதாது” என்று தள்ளக் கூடாது. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, நடவடிக்கை தொடங்கியதும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வரும். இடைக்காலத் தீர்வு நிபுணர் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். தனியாள் என்றால் ‘டி’ படிவம். பலருக்காக ஒரு பிரதிநிதி கொடுப்பதானால் ‘இ’ படிவம். கெடு தவறியவர், தாமதத்துக்குக் காரணம் காட்டி இன்னும் சிறிது காலம் வரை கொடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் சம்பளம் வராத மில்லின் தொழிலாளிகளில் பாதிப்பேர் அதற்குள் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அறிவிப்பு அவர்கள் கண்ணில் படுவதே அரிது.

அவர்கள் கையில் என்ன இருக்கும்? பழைய சம்பளச் சீட்டு சில, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு எண், சம்பளம் வரவான வங்கிப் புத்தகம். வேலை உத்தரவு என்று ஒரு தாளைக் கண்டிராதவர்கள் ஏராளம். பி.எஃப். பாஸ்புக்கில் எந்த மாதம் பணம் கட்டுவது நின்றது என்பது தெளிவாகத் தெரியும். வங்கிப் புத்தகத்தில் கடைசிச் சம்பளம் எப்போது வந்தது என்பதும் தெரியும். இவ்விரண்டையும் மில்லின் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால் பாக்கி எவ்வளவு என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பார்க்கும் அதிகாரம் நிபுணருக்கு உண்டு. சட்டத்தின் 17ஆம் பிரிவு நிர்வாகத்தையே அவர் கையில் கொடுத்து, கணக்குகளைத் திறக்கவும் வழி செய்கிறது. பழைய நிர்வாகம் ஒத்துழைக்க மறுத்தால் 19ஆம் பிரிவின்கீழ் அவர் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். இன்னும் முக்கியமானது ஒன்று: நிறுவனம் கலைப்புக்குப் போன பிறகு, கோரிக்கையே கொடுக்காத தொழிலாளியின் பாக்கியையும் கணக்குப் புத்தகங்களின் அடிப்படையில் கலைப்பாளர் ஏற்கலாம் என்று கலைப்பு விதிமுறைகளின் 19ஆம் விதி சொல்கிறது. கலைக்கும்போது நம்பத் தகுந்த பதிவேடு, நிறுவனத்தைக் காப்பாற்ற முயலும்போது மட்டும் எப்படி நம்பத் தகாததாகும்? அந்த ஏற்பாட்டைத் தீர்வுக் கட்ட விதிமுறைகளிலும் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று திவால் வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் தொழிலாளிக்கும் அடுத்த படி அதே தீர்ப்பாயம்தான். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இயங்குகிறது. அங்கே தாக்கலாகும் இணைப்புகள் தெளிவாக இருக்க வேண்டும், பக்க எண்ணும் பொருளடக்கமும் வேண்டும், தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். வழக்கை நடத்தும் வழக்கறிஞரே மொழிபெயர்ப்பு சரியானது என்று சான்றளிக்க விதிகள் இடம் தருகின்றன. நான்கு வரிச் சம்பளச் சீட்டுக்கு அதற்கு மேல் கேட்பது தொழிலாளிக்கு வீண் செலவு. ஒரே அச்சில் வந்த நூறு சீட்டுகளுக்கு, மாதிரி ஒன்றின் மொழிபெயர்ப்பும் பெயர், தொகை அடங்கிய பட்டியலும் போதும் என்று ஏற்க வேண்டும்.

தொழிற்சங்கங்களிடமும் சொல்ல இருக்கிறது. ‘இ’ படிவத்தோடு வைக்கும் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் சம்பளம், போனஸ், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை, பி.எஃப். பாக்கி என்று தனித்தனியே பிரித்துக் காட்டுங்கள். ஒரே மொத்தத் தொகையாகப் போட்டால் இழப்பு தொழிலாளிக்குத்தான். பி.எஃப்., பணிக்கொடை நிதிகளிலிருந்து வரவேண்டிய தொகையை 36ஆம் பிரிவு கலைப்புச் சொத்திலிருந்து விலக்கி வைக்கிறது; கலைப்பு தொடங்குவதற்கு முந்திய 24 மாதப் பாக்கிக்கு 53ஆம் பிரிவு, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளுக்குச் சமமான இடம் தருகிறது. எந்த மாதத்துப் பாக்கி, எந்த வகைப் பாக்கி என்பது தாளில் இல்லையென்றால் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்கவே முடியாது. தொகையை ஒரு ரூபாய்கூட ஏற்றிப் போடாதீர்கள். ஒருவர் கணக்குப் பிசகினால் மற்றவர்களின் கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகும். மூல ஆவணங்களை யாரிடமும் விட்டுவிடாமல் நகல்களை மட்டும் ஒப்புகை பெற்றுக் கொடுங்கள்.