வரப்பில்லாக் கடலில் வேளாண்மை

நிலத்திற்கு வரப்பு உண்டு. ஒருவர் வயலில் விதைத்தது அடுத்த வயலில் படர்ந்தால் களைய வழியுண்டு. கடலுக்கு வரப்பில்லை. எனவே, எதைப் பயிரிடுவது என்பதோடு எங்கே பயிரிடுவது என்பதும் அங்கு இன்றியமையாத வினாவாகிறது. மன்னார் வளைகுடா கற்பிக்கும் பாடம் இதுவே.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் அமைந்துள்ளன. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவு ‘உயிரியலாளர்களின் சொர்க்கம்’ எனப் போற்றப்படுகிறது. அடிக்கடல் அழகைக் காண வருவோர்க்கு அது காட்சிக்கூடம். மீன்குஞ்சுகளுக்கோ அது நாற்றங்கால்.

பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, மண்டபம் பகுதியில் முதலில் ஆய்வுக்காகவும் பின்னர் வணிகத்திற்காகவும் வளர்க்கப்பட்டது. மூங்கில் மிதவைகளில் வளரும் இது ஏறத்தாழ 45 நாள்களில் அறுவடைக்கு வரும். பற்பசை, பனிக்கூழ் போன்றவற்றைக் கெட்டிப்படுத்தும் கராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. 2005இல் தமிழ்நாடு அரசு, பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தென்பகுதிக்கும் இச்சாகுபடியை வரையறுத்தது. ஆயினும், குருசடைத் தீவின் பவளங்கள்மீது இப்பாசி படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அறுந்த சிறு துண்டும் புதிய செடியாக வளரும். பவளத்தினுள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உணவளிக்கின்றன. போர்வையென மூடும் பாசி அவ்வொளியை மறைக்க, பவளம் மடிகிறது.

பாதிப்பு சிறு பரப்பளவே என்பார் உளர். களை சிறிதாயிருக்கும்போதே களைவது உழவர் மரபு. மேலும், பாசி வாரங்களில் வளர்கிறது. பவளப்பாறை உருவாகப் பன்னூறு ஆண்டுகள் வேண்டும்.

பாசி வளர்ப்பால் மீனவப் பெண்கள் பலர் வருவாய் பெறுகின்றனர் என்பது மறுக்கவியலாத உண்மை. 2021ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டமும் தமிழ்நாட்டில் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என அறிவித்தது. அவ்வாழ்வாதாரத்தைப் பறிப்பது தீர்வாகாது. மன்னார் வளைகுடாவில் இயல்பாகவே வளரும் கஞ்சிப்பாசி போன்றவற்றின் வளர்ப்பை ஊக்குவித்தல், பவளப்பாறைகளுக்கு அருகே அயற்பாசியைத் தவிர்த்தல், படர்ந்த பாசியை அகற்றும் செலவை அதனால் ஈட்டும் நிறுவனங்களே ஏற்றல் ஆகியவையே நெறியான வழிகள்.

பவளப்பாறை அழிந்தால் மீன்வளம் குன்றும். அவ்விழப்பு, பாசி வளர்க்கும் பெண்ணின் குடும்பத்தையே முதலில் வருத்தும். ஆகவே, பவளத்தைக் காப்பதும் அவ்வாழ்வைக் காப்பதும் ஒன்றே.