கதவு யாருடையது?

சித்தூர் அல்லது திருப்பதித் தெருக்களில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்து, அந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று முடிவு கட்டிவிட முடியாது. தெருவில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

2023 ஏப்ரலில் ஆந்திராவை அப்போது ஆண்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வீடு வீடாகப் போனது. கதவில் ஒரு ஸ்டிக்கர், செல்போனின் முதுகில் இன்னொன்று. 'எங்கள் நம்பிக்கை நீயே ஜகன்' என்று தெலுங்கில் வாசகம். வீட்டுக்காரரின் சம்மதத்துடன்தான் ஒட்டுகிறோம் என்றது கட்சி. இலக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சுவரில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரை நாய் கிழிக்கும் வீடியோ பரவ, விஜயவாடாவில் அந்த நாய் மீது கிண்டலாகப் போலீசில் புகாரே கொடுக்கப்பட்டது. ஸ்டிக்கர் வேண்டாம் என்று பயமில்லாமல் சொன்னது அந்த நாய் ஒன்றுதானோ என்னவோ.

சட்டத்துக்குக் குறைவில்லை. தனிநபரின் நிலம், கட்டடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றில் அனுமதியில்லாமல் கொடி நடவோ, பேனர் கட்டவோ, நோட்டீஸ் ஒட்டவோ, கோஷம் எழுதவோ கூடாது என்கிறது தேர்தல் நடத்தை விதி. சேஷன் காலத்தில்தான் கட்சிகள் இந்த விதிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. உள்ளூர்ச் சட்டம் சுவர் விளம்பரத்தைத் தடுத்தால், வீட்டுக்காரரே சம்மதித்தாலும் எழுத முடியாது. தேர்தல் அறிவித்த 72 மணி நேரத்துக்குள் தனியார் இடங்களில் அனுமதியின்றி உள்ளவற்றை அகற்ற வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லாத தேர்தல் போஸ்டருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு.

சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, காலம். நடத்தை விதி தேர்தல் அறிவித்த பிறகே உயிர் பெறும். ஆந்திராவுக்கு அந்த நாள் 2024 மார்ச் 16. ஸ்டிக்கர் ஒட்டியதோ அதற்கு 11 மாதம் முன்பு. இன்னொன்று, சம்மதம். ஏறத்தாழ 50 வீட்டுக்கு ஒருவர் என்று அரசு நியமித்த தன்னார்வலர்கள் அப்போது பென்ஷனை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மாதம் பிறந்தால் வரும் பணத்தை நம்பியிருக்கும் விதவை, ஆளும் கட்சி ஸ்டிக்கருடன் வருபவரிடம் "வேண்டாம்பா" என்று சொல்வாரா? தேர்தல் நேரத்தில் தன்னார்வலர்கள் பணம் பட்டுவாடா செய்யக்கூடாது என்று தேர்தல் கமிஷன் உத்தரவிட்டதும் 2024 மார்ச் கடைசியில்தான்.

கதவோடு நிற்கவில்லை. மறு சர்வே செய்த நிலங்களின் எல்லைக் கற்களிலும் பட்டா பாஸ்புக்கிலும் கூட ஜகன் இடம் பிடித்தார். பாட்டன் சொத்தின் பத்திரத்தில் முதல்வர் படம் எதற்கு என்ற கேள்வி 2024 தேர்தலில் பெரிதாக எழுந்தது. ஆட்சிக்கு வந்த சந்திரபாபு நாயுடு பாஸ்புக்கில் அரசு முத்திரை போதும் என்றார். சுமார் 77 லட்சம் கற்களை என்ன செய்வது என்பது புதிய அரசின் தலைவலியானது.

திருமலையில் 2024 நவம்பரில் அரசியல் பேச்சுக்குத் தேவஸ்தானம் தடை விதித்தது. மலை மேல் விதி தெளிவு. அடிவாரத்து வீட்டுக் கதவுக்குத்தான் வருடம் முழுவதற்குமான காவல் இல்லை.

அமெரிக்காவில் லடூ என்ற ஊர், வீடுகளில் வாசக அட்டை வைக்கத் தடை போட்டது. வளைகுடாப் போரை எதிர்த்து ஜன்னலில் சிறிய அட்டை வைத்த பெண் வழக்குத் தொடர்ந்தார். 1994ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. தன் வீட்டில் தன் கருத்தைச் சொல்லும் உரிமைக்காக அங்கே வழக்கு. இங்கே முதலில் தேவைப்படுவது, அடுத்தவர் கருத்தைத் தன் கதவில் ஏற்காமல் இருக்கும் உரிமை. எழுத்து மூலமான சம்மதம் தேர்தல் காலத்துக்கு மட்டுமின்றி எல்லா நாளும் கட்டாயம் என்றால், வாடகைக்குக் குடியிருப்பவரின் சொல்லும் அதில் சேர்ந்தால், அந்த உரிமைக்குக் கொஞ்சம் அர்த்தம் வரும். வாக்கு ரகசியமானது என்று சட்டம் சொல்கிறது. வாசற்கதவு அதைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.